அரிக்கேனும் கொடியடுப்பும்

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், சில வீச்சுகளில் 120. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று வழியெல்லாம் தென்னையைச் சாய்த்துக்கொண்டே மேற்கே போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. நம் மின்வாரியத்துக்காரர்களும் கேரளம், ஆந்திரம் போன்ற அண்டை மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் சம்பா நட்ட வயல்களில் முழங்கால் சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். நகரங்களுக்குச் சில நாளில் கரண்ட் வந்தது. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு வாரக்கணக்கு ஆனது.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் மூன்றாம் நாள் பரணிலிருந்து அரிக்கேன் விளக்கு இறங்கியது. அதே நாள் கொல்லையில் கொடியடுப்பைச் சுற்றி முளைத்திருந்த பூண்டைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்தோம். அரிக்கேன் கடைசிவரை எரியவில்லை. சிம்னி இருந்தது, திரியும் முக்கால் விரல் நீளம் இருந்தது, ஊற்றத்தான் மண்ணெண்ணெய் இல்லை. அடுப்போ கரண்ட் வரும்வரை ஒரு நாளும் அணையவில்லை. எங்கள் வீட்டுச் சோறு மட்டுமில்லை, தெருவில் நான்கு வீட்டுக்குச் சோறும் குடிக்கிற வெந்நீரும் அதில்தான்.

இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புயல், மழைக்காலம், கரண்ட் கட் என்றதும் பழைய விளக்கையும் பழைய அடுப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'அந்தக் காலத்துப் பொருளே பொருள்' என்று பெருமூச்சு விடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே கதை இல்லை. விளக்கின் வேலை முடிந்துவிட்டது. அடுப்பின் வேலை முடியவில்லை.

முதலில் காலத்தைச் சொல்லிவிட வேண்டும். டெல்டாவில் குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, வடகிழக்குப் பருவமழை. பனி கொட்டும் நாடுகளில் விறகடுப்பு குளிர் காய்வதற்கு. இங்கே குளிர் பெரிய எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. சுவர் ஓதம் காக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும், துணி மூன்று நாள் காயாது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் அடுப்படியில் கிடக்கும் கணகணப்புக்குத் தனி மதிப்பு உண்டு. விதை நெல்லும் புளியும் அடுப்புக்கு மேல் பரணில் இருந்ததற்குக் காரணம் இடநெருக்கடி மட்டுமில்லை. புகை பட்ட மூங்கிலை உளு அரிக்காது என்பதும் அந்தக் காலத்துக் கூரை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

இருட்டும் ஒரே வகை இல்லை. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த ஊர்கள் ஏராளம். அது நேரம் சொல்லி வருகிற வெட்டு. இரண்டு மணி நேரம் வந்தாலும் பாட்டரி சார்ஜ் ஏறிவிடும். அதனால் வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் நுழைந்தது, மற்ற வீடுகளில் சீன எமர்ஜென்சி லைட். இட்லி மாவுக்கு மட்டும் சில வீடுகளில் ஆட்டுக்கல் கழுவப்பட்டது. புயல் இருட்டு வேறு. கம்பமே இல்லாதபோது எந்த நேரத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கைவிரித்துவிடும். செல்போனுக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துச் சார்ஜ் போட்டுக்கொண்டோம். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் வாடகை ஜெனரேட்டர்தான். திருமக்கோட்டைப் பக்கம் கோவில்களப்பாலில் இயற்கை எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் 2001 முதல் இருக்கிறது; நம் வயலுக்கு அடியிலிருந்து வரும் வாயு. அந்தச் சுற்றுவட்டாரமும் அன்றைக்கு இருட்டில்தான் கிடந்தது. மின்சாரம் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் என்ன லாபம், கம்பி வேண்டுமே.

இனி விளக்கு. அரிக்கேன் என்ற சொல் ஆங்கிலத்தில் சூறாவளிக்குள்ள பெயரிலிருந்து வந்தது. பெயர்ப் பொருத்தம் பிரமாதம். 1860களின் இறுதியில் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த குழாய் அமைப்புதான் இதன் உயிர். விளக்கின் இரு பக்கமும் கைப்பிடிபோல் வளைந்து இறங்கும் தகரக் குழாய்களைச் சும்மா அழகுக்கு வைத்ததாகத்தான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். காற்று நேரே சுடரில் மோதாமல், மேலே நுழைந்து அந்தக் குழாய் வழியாக இறங்கி, அடியிலிருந்து சுடருக்குப் போய்ச் சேரும். வெளியே எவ்வளவு வீசினாலும் உள்ளே போவது அளவான காற்று. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் வரப்பில் வீசி நடந்தாலும் அணையாததற்கு இதுதான் சூட்சுமம். ஆனால் அந்தக் குழாய் ஓட்டை விழுந்தாலோ, சிம்னி ஒரு நூல் விலகி உட்கார்ந்தாலோ, சுடர் துள்ளும், புகையும், கண்ணாடி கறுத்துவிடும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு எங்கள் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து விளக்குத் துடைப்பார். அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்த தூளைத் தொட்டு, பழைய துணியால் சிம்னியின் உள்பக்கம் சுற்றிச் சுற்றி ஒரு தேய்ப்பு. பிறகு தினத்தாள் காகிதத்தால் ஒரு துடைப்பு. சிறுபிள்ளைக் கைதான் சிம்னிக்குள் சுலபமாக நுழையும் என்பதால் அந்த வேலை அடிக்கடி என் தலையில் விழுந்தது. திரியை நேராக நறுக்கி, இரண்டு ஓரத்தையும் மட்டும் லேசாக மழித்துவிட வேண்டும். ஓரம் கூராக நின்றால் சுடருக்குக் கொம்பு முளைக்கும், கொம்பு முளைத்த பக்கம் கண்ணாடி விரியும். வெளிச்சம் போதவில்லை என்று நான் திரியை ஏற்றினால், "ஏத்தாதடா, புகையத்தான் செய்யும், எரியாது" என்பார். ஏற்றக் கூடாத விளக்கில்தான் இரண்டு தலைமுறை படித்தது.

படித்ததை இப்போது பெருமையாகச் சொல்கிறோம். அந்த வெளிச்சத்தின் அளவைச் சொல்வதில்லை. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு தருவதில் பத்தில் ஒரு பங்குகூட அரிக்கேன் தராது. சிம்னியே இல்லாத காடா விளக்கும் புட்டி விளக்கும் இன்னும் மோசம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, திறந்த திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரித்துகளாக மாறுகிறது என்று அளந்து சொன்னது. விடிந்ததும் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்ததே, அதுதான்.

பெட்ரோமாக்ஸ் தனி ஜாதி. கல்யாணப் பந்தலிலும் மீன் ஏலத்திலும் கூத்துக் கொட்டகையிலும் நின்று எரிந்த பணக்கார விளக்கு. அதன் மேன்டிலைப் பற்றி 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக் கவுண்டமணி-செந்தில் காட்சியைத் தாண்டி யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வெள்ளை வலைப் பையை ஒளிரவைத்தது தோரியம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டி வந்த மணலில் தோரியம் தரும் மோனசைட் தாதுவைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணலுக்கு ஐரோப்பாவில் கிராக்கி வந்தது இந்த மேன்டிலுக்காகத்தான்.

மண்ணெண்ணெய்க்கு வருவோம். கிரசின் ஆயில் என்பதை நம் ஆட்கள் கிருஷ்ணாயில் ஆக்கி, அந்நிய எண்ணெய்க்குக் கடவுள் பெயரையே சூட்டிவிட்டார்கள். அதற்கு முன் டெல்டாவில் எரிந்தது இலுப்பை எண்ணெய், புன்னை எண்ணெய், ஆமணக்கெண்ணெய். கோயில் நந்தவனங்களில் இலுப்பை நின்றது நிழலுக்காக மட்டுமில்லை. பர்மா ஷெல் டின் வந்ததும் அந்த மரங்களின் வேலை போயிற்று. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் கிருஷ்ணாயிலுக்கும் பஞ்சம் வந்தது. போன வேலை மட்டும் இலுப்பைக்குத் திரும்பவில்லை.

இந்தச் சிக்கலை முன்பே பார்த்த ஒருவர் தஞ்சாவூரில் பிறந்தவர் என்பது நமக்கே மறந்துபோன செய்தி. ஜே.சி. குமரப்பா, பிறப்பு 1892 ஜனவரி 4. லண்டனில் கணக்குத் தணிக்கை, கொலம்பியாவில் பொருளாதாரம், பிறகு காந்தி. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைப் பொறுப்பேற்று வார்தாவின் மகன்வாடியில் நடத்தினார். அங்கே உருவானது தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீப்' விளக்கு. மகன் என்றால் பிள்ளை இல்லை, மகன்லால் காந்தியின் பெயர். பூமியிலிருந்து தோண்டும் எண்ணெய் ஒரு நாள் தீரும், வயலில் விளையும் எண்ணெய் வருஷா வருஷம் வரும் என்பது குமரப்பாவின் கணக்கு. மண்ணெண்ணெய் நீர்த்தது, நீளத் திரியில் மடமடவென்று ஏறும். தாவர எண்ணெய் கெட்டி, அவ்வளவு உயரம் ஏறாது. அகலில் சுடர் எண்ணெய் மட்டத்தை ஒட்டியே நிற்பது அதனால்தான். அரிக்கேனில் நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கஜாவின்போது நாங்களும் பார்த்தோம்.

குமரப்பாவின் விளக்கு பரவவில்லை. மானிய மண்ணெண்ணெய் ரேஷன் கடையில் நீல நிறத்தில் வந்துகொண்டிருந்தவரை யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. பிறகு கேஸ் இணைப்புள்ள கார்டுகளுக்கு அளவு குறைந்தது, நின்றது. 2021-22 மத்திய பட்ஜெட்டில் மண்ணெண்ணெய் மானியத்துக்கென்று ஒதுக்கீடே இல்லை. சிம்னியும் திரியும் விற்ற கடைகளும் மெல்ல மூடின. ஆக, பரணில் இருக்கும் அரிக்கேன் விளக்கு ஒரு விளக்கின் கால் பாகம். எண்ணெய், திரி, கண்ணாடி, தினமும் துடைக்கிற கை ஆகிய முக்கால் பாகம் போய்விட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இதே கணக்கு வேறு விதமாக விழுந்தது. 1990க்குப் பிறகு போரில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெய்க்கும் தடை. அரிக்கேன் அங்கே ஊதாரி ஆனது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, கொஞ்சமே எண்ணெய் விட்டு, சின்னத் திரியில் எரித்தார்கள். மாணவர்கள் அதில் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அதே தீவில் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர், புட்டி விளக்கு சாய்ந்து உடல் வெந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மார்மைட் புட்டியின் வடிவத்தை முன்மாதிரியாக வைத்து ஒரு விளக்கு செய்தார். குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றி நான் படித்தவற்றில் புத்திசாலித்தனமான ஒரே திருத்தம் இது என்பேன். அதற்கும் இனி தேவை குறைவு. ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சூரிய விளக்கு கிடைக்கிறது. புயல் போன மறுநாள் வெயில் வந்தால் போதும், சார்ஜ் ஏறிவிடும்.

அடுப்பு விஷயம் இப்படி முடியாது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு. 9 வாட் பல்பு ஒரு ராத்திரி ஆறு மணி நேரம் எரிந்தால் 54 வாட்-மணி. 1,500 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒரே மணி நேரத்தில் 1,500 வாட்-மணி தின்னும். அதாவது ஒரு பொழுது சமையல், ஏறக்குறைய 28 ராத்திரி வெளிச்சத்துக்குச் சமம். வீட்டில் இருக்கிற 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே காகிதத்தில் 1,800 வாட்-மணிதான். வெளிச்சம் லேசான சுமை, பாட்டரி தூக்கிவிடும். சோறு கனத்த சுமை.

கேஸ் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசின் இலவச எரிவாயு அடுப்பு, 2016இல் மத்திய அரசின் உஜ்வலா என்று டெல்டாவின் குடிசைகளுக்கும் சிலிண்டர் வந்துவிட்டது. பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் காப்பாற்றிய திட்டங்கள் இவை. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒற்றைச் சிலிண்டர் வீட்டில் அது எந்த நாளில் தீரும் என்று புயலுக்குத் தெரியாது. கஜாவுக்குப் பிறகு ரோட்டில் தென்னையும் புளியும் குறுக்கே கிடக்க, சிலிண்டர் வண்டி எப்படி வரும்? 2023 மார்ச்சில் சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியபோது புயலே இல்லாமல் பல கொல்லைகளில் புகை எழுந்ததையும் பார்த்தோம்.

டெல்டாவின் அடுப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. காடு இல்லாத நாடு இது. காய்ந்த விறகு என்பது எப்போதும் விலைப்பொருள். சவுக்கு வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வர வேண்டும். மற்றபடி எரிந்ததெல்லாம் வயலிலும் தோப்பிலும் மிஞ்சியது: தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி, வறட்டி, பருத்திமாறு, வாய்க்கால் கரையில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கு. கடைசியாகச் சொன்னது விறகில் சேர்த்தியே இல்லை, பொசுக்கென்று எரிந்து புகையை மட்டும் விட்டுப் போகும். கொடியடுப்பு என்பது ஒரே வாயில் தீ வைத்து இரண்டு பானை ஏற்றுவது. பிரதான அடுப்பில் சோறு கொதிக்க, பக்கத்துக் கொடியில் மிச்சச் சூட்டில் குழம்போ வெந்நீரோ ஆகிக்கொண்டிருக்கும். தீயைச் சிக்கனம் செய்ய எந்த நிபுணரும் வந்து சொல்லித் தரவில்லை.

உமி அடுப்பு இன்னும் அழகு. ஒரு பழைய டின். அடிப்பக்கம் ஓரத்தில் ஒரு ஓட்டை. நடுவே உலக்கையை நட்டு, ஓட்டை வழியாக ஒரு கட்டையை நுழைத்து அதன் காலில் முட்டவைத்து, சுற்றிலும் உமியைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். இறுகியதும் இரண்டையும் திருகித் திருகி உருவினால் உள்ளே ஒரு 'ட' வடிவச் சுரங்கம். அடியில் பற்றவைத்தால் சுரங்கத்தின் சுவர் உள்ளிருந்து வெளியே கனன்றுகொண்டே போகும். நிமிஷத்துக்கு ஒரு தரம் தள்ளிவிட வேண்டிய விறகுத் தொல்லை இல்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. இந்த ஊரில் அதற்கு என்ன குறை என்று தோன்றும். இன்றைக்கு உமி வீட்டுக்கு வருவதே இல்லை. நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, உமி அரிசி ஆலையின் கொதிகலனுக்குப் போகிறது. நெற்களஞ்சியத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு சாக்கு உமி விலைக்கு வாங்குகிறோம்.

இவ்வளவு சொன்னவன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்து அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். விறகடுப்பைப் பற்றித் தஞ்சை மாவட்டத்துக்காரன் எழுதும் எந்தக் கட்டுரையும் அந்தத் தேதியைக் கடந்து போக முடியாது. தீயில்லாத நாளிலும் புகை கொல்கிறது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஈர விறகை ஊதாங்குழலால் ஊதும் பெண் விடுகிற மூச்சு எதுவென்று யோசித்துப் பார்க்கலாம்.

புகையைப் போக்கச் செய்த முயற்சிகள் நிறைய. மகன்வாடியிலேயே புகைபோக்கி வைத்த அடுப்பு ஒன்று உருவானது. 1980களில் தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்து, மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கட்டிக்கொடுத்து, 2002இல் நின்றது. தோற்றதற்குக் காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. புகைபோக்கிக் குழாயில் கரி அடைத்தால் யார் ஏறித் தட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. சிம்னி துடைக்கக் கை இல்லாமல் அரிக்கேன் செத்தது, குழாய் தட்டக் கை இல்லாமல் இந்த அடுப்பு செத்தது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். அரிக்கேனை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்துக்குச் சூரிய விளக்கு வாங்குங்கள். புயலன்று எங்கிருந்தாவது மண்ணெண்ணெய் தேடி, கிடைத்ததில் பெட்ரோல் கலந்திருந்து வெடிக்கிற விபரீதம் வேண்டாம். அடுப்பை மட்டும் விடாதீர்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. அன்றாடச் சமையல் கேஸிலேயே நடக்கட்டும். கொல்லையிலோ வாசலிலோ நான்கு கால் நட்டு, கீற்று போடாமல் தகரம் போட்டு, மூன்று பக்கமும் திறந்த இடத்தில் ஒரு கொடியடுப்பு. கொல்லையே இல்லாத தொகுப்பு வீட்டுக்காரர்களுக்குத் தெருவுக்கு ஒன்று. சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையில் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்களில் ஜெனரேட்டருக்கு அறை கட்டத் தெரிந்த அரசுக்கு, பக்கத்தில் நல்ல புகைபோக்கியோடு ஒரு கோட்டை அடுப்பு கட்டுவது பெரிய செலவில்லை.

கஜா நாட்களில் விறகுக்குப் பஞ்சமே இல்லை, ஊரெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. ஆனால் பச்சைத் தென்னை எரியாது. எங்கள் அடுப்பு எரிந்தது, அப்பாயி காலத்துப் பழக்கத்தில் யாரோ ஐப்பசிக்கு முன்பே மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றி வைத்திருந்த இரண்டு கட்டு மட்டையாலும் அரைச் சாக்குக் கொட்டாங்கச்சியாலும்தான். புரட்டாசி வெயிலில் காயவைத்ததை மழைக்கு முன் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.